பெயர் நீக்கிய சுருக்கம்

இலவசம் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பெயரைப் பதிவு செய்வது ஒரு சொடுக்குதான்; சனிக்கிழமை காலையில் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து வருவது வேறு விஷயம். அதனால் இருநூறு நாற்காலி உள்ள அரங்கத்துக்கு நானூறு பேரைப் பதிவு செய்ய விடுவாள் என் அக்கா. ஒரு வருஷம்கூட யாரும் நிற்க வேண்டி வந்ததில்லை.

புரோகிராமர்களுக்கான மாநாடு அது. சுற்றுவட்டாரச் சிறு ஊர்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு. பெரிய நகரங்களில் நடக்கும் மாநாடுகளுக்குப் போக வேண்டுமென்றால் கம்பெனி அனுப்ப வேண்டும். கம்பெனி அனுப்புவது மேனேஜரைத்தான். அவர் போய்க் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டுவிட்டு வருவார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு கல்லூரி அரங்கத்தைக் கெஞ்சி வாங்கி, ஒரு நாள், கட்டணமில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆரம்பித்தாள். அவள் வேலை டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான் என்று அத்தான் சொல்வார்.

மாநாட்டில் அவள் பிடிவாதமாக வைத்திருந்த விதி ஒன்று உண்டு. பேச விரும்புகிறவர்கள் அரைப்பக்கச் சுருக்கம் அனுப்ப வேண்டும். அதைப் படித்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கு, எழுதியது யார் என்று தெரியாது. பெயர், கம்பெனி, ஊர் எதுவும் இருக்காது. ஒரு எண் மட்டும் இருக்கும். முதல் வருஷம் அப்படி இல்லை. அந்த வருஷம் பேசியவர்கள் எல்லாரும் பெரிய கம்பெனிக்காரர்கள், எல்லாரும் ஆண்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சிநேகிதர்கள். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். அடுத்த வருஷத்திலிருந்து பெயரை நீக்கிவிட்டாள். அதற்கப்புறம்தான் பஸ் டிப்போவில் நேர அட்டவணைக்கு மென்பொருள் எழுதுகிறவர் மேடையேறினார். பிரசவ விடுப்பில் இருந்த ஒருத்தி, குழந்தையை மூன்றாவது வரிசையில் புருஷன் மடியில் விட்டுவிட்டு வந்து பேசினாள். அந்த வருஷம் அதைவிட நல்ல பேச்சு கிடையாது.

விதிக்குள் இன்னொரு விதி. படிக்கும்போதே இது இன்னார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டால், அதை வெளியே சொல்லிவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் போடாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

போடுகிறவர்கள் மூன்று பேர். அக்கா ஒருத்தி. அடுத்து வாத்தி. அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர், அரங்கம் கிடைத்ததே அவரால்தான். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததும் அவருடைய வகுப்பிலிருந்துதான். என் வகுப்பை விட்டு ஓடினவர்களில் நீ ஒருத்தன்தான் வருஷா வருஷம் திரும்பி வருகிறாய் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மூன்றாவது ஆள் மீசை. மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எனக்கு அந்த வேலை கிடையாது. நான் இரவு வேலைக்காரன். யாருடைய சர்வர்களோ ஓடுகின்றனவா என்று விடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் அக்கா வீட்டு மாடி அறையில் தூக்கம். மாநாட்டில் நாற்காலி, ஒயர், தண்ணீர் என் பொறுப்பு.

அத்தானுக்கு நேரம் பார்க்கிற வேலை. முதல் வரிசை நடுவில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறவர்களுக்கு அட்டை காட்டுவார். ஐந்து நிமிடம். இரண்டு நிமிடம். நிறுத்தவும். மூன்றாவது அட்டைக்கும் நிற்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு எழுந்து நின்று மெதுவாகக் கை தட்டுவார். கூட்டமும் சேர்ந்து தட்டும். பேசுகிறவர் நன்றி சொல்லிவிட்டு இறங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது. ஆளைப் புண்படுத்தாமல் வாயை மூட வைப்பதில் கெட்டிக்காரர். அவர் மட்டும் ஒரு தடவைகூட மேடையேறியதில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்பார்.

அந்த வருஷம் அவருக்குக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. ஆபீஸில் வெள்ளையடிக்கிறார்கள், தூசி என்றார். பிறகு ஏசி என்றார். வெந்நீர் குடித்தார். பேச ஆரம்பித்தால் தொண்டையில் மரத்தூள் கிடப்பதுபோலக் கேட்டது. கடைசியில் அக்கா கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பார்த்தார்கள். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாக மூச்சு. உயிருக்கு நம்பிக்கை உண்டு. குரல் இருக்காது. பழகினால் கருவி வைத்து ஒருவிதச் சத்தம் வரவைக்கலாம், ஆனால் அது நீங்கள் பேசுவதுபோல இருக்காது என்று டாக்டர் நேராகவே சொன்னாராம்.

பரிசோதனைகள், வரிசை எல்லாம் போக, கிடைத்த தேதி மாநாடு முடிந்த திங்கட்கிழமை. அக்கா மாநாட்டுக்காகத் தள்ளி வைத்தாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவள் மாநாட்டையே நிறுத்தப் பார்த்தாள். அத்தான்தான் விடவில்லை. இரண்டு நிபந்தனை போட்டார். மாநாடு நடக்க வேண்டும். தன் உடம்பு விஷயம் வாத்திக்கோ மீசைக்கோ வேறு யாருக்குமோ தெரியக்கூடாது. காதும் காதும் வைத்தாற்போல் இருந்துவிடலாம் என்றார்.

சுருக்கம் அனுப்பக் கடைசி நாளன்று காலையில் நான் வேலை முடிந்து வந்தபோது, அவர் சமையலறை மேஜையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். அக்கா ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்று சொன்னால் அக்காவிடம் சொல்லக்கூடாது என்றார். அனுப்பிவிட்டார். எண் ஒன்று வந்திருந்தது.

என்ன தலைப்பு என்று கேட்டேன்.

"ஒரு மென்பொருள எப்படி நிறுத்துறது."

அவருடைய கம்பெனி கிடங்குகளுக்கு மென்பொருள் செய்கிறது. ஒரு பழைய புரோகிராமை இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருந்தார். அதை நம்பி எத்தனையோ கடைகள். யார் எதற்காக அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொருவரையும் புதியதற்கு மாற்றி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைத்தபோது யாருக்கும் தெரியவே இல்லை. அதுதான் அவருடைய பெருமை. இதில் உள்ளர்த்தம் தேடுகிறவர்கள் தேடலாம். அவருக்கு அப்படியெல்லாம் வராது. கிடங்கு புரோகிராமைத்தான் சொன்னார்.

"எல்லாரும் ஆரம்பிக்கிறதப் பத்தியே பேசுறாங்க மாப்ள. நிறுத்துறதும் வேலைதான். எதுவும் உடையாம நிறுத்தணும்."

அக்காவிடம் நேராகக் கேட்டால் இருபது நிமிஷம் தரமாட்டாளா என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"தருவா. வீட்டுக்காரர்னு தருவா, சீக்காளின்னு வாத்தி தருவாரு. அது எனக்கு வேணாம். நான் யாருன்னே தெரியாத ஒருத்தன் படிச்சுட்டு, இவன் பேசட்டும்னு சொல்லணும். அப்படிச் சொன்னா ஏறிப் பேசிடுறேன். குரல் இருக்கறப்பவே ஒருதடவ."

அவ்வளவுதான் அவர் கேட்டது. அவர் கேட்டு நான் பார்த்ததும் அது ஒன்றுதான்.

மதிப்பெண்களை மூன்று பேரும் அவரவர் வீட்டிலிருந்தே போடுவார்கள். கூட்டிப் பார்த்து, மேலே இருக்கிற எட்டு சுருக்கங்களை எடுத்துக்கொள்வார்கள். எடுத்தவற்றுக்கு மட்டும்தான் பெயரைத் திறந்து பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு மென்பொருளே மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பிவிடும். தேறாதவர் யார் என்று யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. படித்தவர்கள் குறிப்பு ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் மெயிலில் சேர்ந்து போகும். அதிலும் எழுதியவர் பெயர் இருக்காது.

நான் தூங்கி எழுந்து இறங்கி வந்த ஒரு பிற்பகலில் அத்தான் போனை என் பக்கம் நீட்டினார். தேறவில்லை. கீழே ஒரே ஒரு குறிப்பு.

‘சொல்ல வந்த விஷயம் சரி. முன்னுரை நீளம். நிறுத்திய பிறகு என்ன ஆனது என்பது இல்லை, கேட்பவர்களுக்கு அதுதான் வேண்டும்.’

நான் இரண்டு தடவை படித்தேன். அவர் சிரித்தார். அந்தக் குரலில் சிரித்தால் இருமல் மாதிரி இருக்கும்.

"யாருன்னு தெரியுதா?"

தெரியவில்லை என்றேன்.

"உங்க அக்கா. முதல்ல சரின்னு சொல்லி ஒரு முற்றுப்புள்ளி வைப்பா. அதுக்கப்புறம்தான் கத்திய எடுப்பா. இத்தன வருஷமா அந்த முற்றுப்புள்ளிக்குப் பக்கத்துலதான மாப்ள படுத்திருக்கேன்." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "மூணு போட்டிருப்பா. அஞ்சுக்கு மூணு. பரவால்ல, அவ கையில மூணு வாங்குறதே பெருசு."

அவளுக்கு நான்தான் என்று தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் ஒதுங்கியிருப்பாள் என்றார். பிறகு, அவள் எழுத்து எனக்குத் தெரிகிறது, என் எழுத்து அவளுக்குத் தெரியவில்லை பார் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமாக இல்லை. அந்த வாரம் முழுக்க மாலை வேளைகளில் உட்கார்ந்து பேச்சைத் திருத்தினார். முன்னுரையை வெட்டினார். நிறுத்திய பிறகு என்ன ஆனது என்று புதிதாக ஒரு பகுதி எழுதினார். பேசப் போகாத பேச்சு. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், இப்போது நன்றாக இருக்கிறது என்று அவரே ஒருநாள் சொன்னார்.

மாநாட்டன்று வழக்கம்போலப் பாதிப் பேர் வந்தார்கள். வாசலில் மீசை கழுத்து அட்டைகளை விநியோகித்தார். புரொஜெக்டர் காலையில் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றது, ஒயரைப் பிடுங்கிச் செருகியதும் சரியானது. அரங்கத்தில் அத்தனை பேர் புரோகிராமர்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அத்தான் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சளியா என்று வாத்தி கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா அந்தப் பக்கமே வராமல் மேடைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாவதாகப் பேச வேண்டியவன் வரவில்லை. வேலையைப் பாதி நேரத்தில் முடிக்கும் குறுக்குவழிகள் என்று தலைப்புக் கொடுத்திருந்தவன். போன் அணைந்து கிடந்தது. மீசை திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டு, அவன் இங்கே வருவதற்கே குறுக்குவழி தேடுகிறான் போல என்றார். கேட்கிறவர்களுக்கு இலவசம் என்றால் பேசுகிறவனுக்கும் அது இலவசம்தானே. வராவிட்டால் அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

இதற்கும் விதி இருந்தது. யாராவது வராவிட்டால், மதிப்பெண்ணில் அடுத்து நிற்கிறவரைக் கூப்பிட வேண்டும். அவர் அரங்கத்தில் இருந்தால் பேசுவார். வாத்தி மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து ஒன்பதாவது சுருக்கத்தின் பெயரைத் திறந்தார். நான் தண்ணீர்ப் பெட்டி தூக்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தேன். அவர் திரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். இது உன் வீட்டுக்காரர் இல்லையா என்றார். அக்கா ஆமாம் என்றாள். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவள் நேராக முதல் வரிசைக்குப் போனாள். நான் பெட்டியை வைத்துவிட்டுப் பின்னால் போனேன். அரங்கம் சாப்பாட்டு மயக்கத்தில் சளசளத்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தர் வரலங்க. நீங்கதான் அடுத்த ஆள். ஏறுங்க."

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் சுண்டிப்போயிற்று.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. வரிசைப்படி நீங்கதான்."

"வரிசையெல்லாம் எனக்குத் தெரியும்மா." குரல் பாதிக்குமேல் காற்றாகத்தான் வந்தது. "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், புருஷனுக்கு ஒரு சட்டமா? நீயே ஆரம்பிக்காத. போய் வேற ஆளப் பாரு."

அவளுக்குப் புரியவில்லை. அவர் மெயிலைக் காட்டி என்னிடம் சொன்னது எதுவும் அவளுக்குத் தெரியாதே. மூன்று வாங்கிய சுருக்கம் ஒன்பதாவதாக வராது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மூன்று பேரும் மூன்று மூன்றாகப் போட்டிருந்தால் அது எங்கோ இருபதுக்குக் கீழே கிடக்க வேண்டும். அப்படியானால் இது இரக்கம். வாத்தியும் வந்து கூப்பிட்டார். நிஜமாகவே நீங்கள்தான் அண்ணே என்றார். அத்தான் அவரைப் பார்த்து, இவள் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா என்று கேட்டார். எதைச் சொல்ல வேண்டும் என்று விழித்தார் வாத்தி. அந்த விழிப்பையும் அத்தான் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்.

மதிப்பெண்ணைத் திறந்து காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். யாருக்கு என்ன மதிப்பெண் என்பதைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்டுவதில்லை என்பதும் அக்கா போட்ட விதி. எத்தனையோ பேர் மெயில் போட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் காட்டியதில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

விதிப்படி பத்தாவது ஆளைத் தேடினார்கள். அவர் வரவே இல்லை. கடைசியில் வாத்தி மைக்கைப் பிடித்து, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அந்த இருபது நிமிஷமும், புரோகிராமில் வரியைத் தள்ளி எழுத கீபோர்டில் எந்த விசையைத் தட்ட வேண்டும் என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். நேரம் முடிந்ததும் அத்தான் எழுந்து நின்று கை தட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தான் மூன்று அட்டைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவர் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். தன் அம்மாவிடம் பேசுவார், பழைய சிநேகிதர்களிடம் பேசுவார் என்று நினைத்தேன். அம்மாவிடம் பத்து நிமிஷம் பேசினார், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் வாடிக்கையாளர் சேவை. போன் கம்பெனி, காப்பீட்டு ஆபீஸ், வங்கி. ஒவ்வொரு இடத்திலும் பாட்டைப் போட்டுக் காக்க வைத்தார்கள். எல்லாவற்றையும் அக்கா பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். வங்கிக்காரி, உங்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை, நாளைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நாளைக்குக் கூப்பிடணுமாம் மாப்ள. நாளைக்கப்புறம் நான்தான் நான்னு போன்ல எவனும் நம்பமாட்டான்."

அக்கா அடுத்த அறையில் ஆஸ்பத்திரிக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இடையில் வாசலில் வந்து நின்று, அந்தப் பேச்சை எங்கள் இரண்டு பேருக்கும் பேசிக் காட்டுங்களேன் என்று கேட்டாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கையை ஆட்டினார். லைனில் இருக்கிறேன் என்று அர்த்தம். லைனில் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்டது.

அன்று பிற்பகல் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அக்கா மாடிக்கு வந்தாள். கூடவே இருக்கிறாயே, ஏன் ஏறமாட்டேன் என்றார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு அதற்குமேல் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. மெயிலில் வந்த குறிப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் கைதான் என்று அவர் கண்டுபிடித்ததைச் சொன்னேன். நீயோ வாத்தியோ இரக்கப்பட்டுத் தருவது வேண்டாம் என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவரிடம் போய்ப் பேசு என்றேன். தலையை ஆட்டினாள். இறங்கிப் போனாள். அன்று பேசவில்லை. அவர் எழுந்ததும் மறுபடி போன், பிறகு சாப்பாடு, பிறகு அவள் மாமியார் வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பச்சை அங்கி கட்டி, தலையில் தொப்பி போட்டு, தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே ஒரு நடைவழி. சுவரோரம் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார்கள். நான் கொஞ்சம் தள்ளிச் சுவரோடு நின்றேன், நர்ஸ் கண்டுகொள்ளவில்லை. அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சும்மா சொல்லலங்க. நீங்கதான் அடுத்த ஆள். நிஜமாவே ஒன்பதாவது."

"இப்ப எதுக்கு அது."

"வாத்தி அஞ்சு. மீசை அஞ்சு."

அவர் தலையைத் திருப்பினார். கூரை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

தொண்டையில் எச்சில் விழுங்கினார், அது அவருக்கு வலிக்கும். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கு."

"நல்லாத்தான் இருந்துச்சு. முதல் வரியிலயே நீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு."

அந்த வெளிச்சம் அப்படியே நின்றது. போகவும் இல்லை, வளரவும் இல்லை. அவர் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவளும் ஐந்து போட்டிருந்தால் எட்டுக்குள். சனிக்கிழமை மேடை. எல்லாம் அவருக்குச் சட்டென்று வந்துவிடும், கணக்கில் புலி.

"தெரிஞ்சும் ஒதுங்கல."

"ஒதுங்கியிருந்தா உங்களுதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்காகப் போட்டிருப்பாங்க. நீங்க வேணாம்னு சொன்னதே அதுதானே."

நான் சொன்னேன் என்று அவள் காட்டிக்கொடுத்தாள். அவர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

"சரி. அப்புறம் ஏன் மூணு?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்து நர்ஸ் ஒருத்தி வந்தாள். இளவயது, வேகம், கையில் அட்டை. உறவினர்கள் தள்ளி நில்லுங்கள் என்றாள். நோயாளியே வாயால் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக்கூடாது என்றாள். பெயர் என்ன? அவர் முழுப்பெயரைச் சொன்னார், அப்பா பெயரோடு சேர்த்து. பிறந்த தேதி சொன்னார். என்ன ஆபரேஷன் என்று தெரியுமா, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

"குரல்வளைய எடுக்குறாங்க," என்றார்.

அவள் சரிபார்த்துக்கொண்டு கட்டிலைத் தள்ளினாள். அவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே போனார். பதிலை எதிர்பார்க்கிற பார்வை. அக்கா இரண்டு அடி கூடவே நடந்தாள். கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது.

நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். வாத்தியும் மீசையும் வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நான்தான் காலையில் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். நாங்களெல்லாம் யார், எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று மீசை போனில் அழுதார். அக்கா எதையும் கேட்கவில்லை. மடியில் அவருடைய மப்ளரை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ஏன் மூணு போட்டே?" என்று கேட்டேன். யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.

"படிச்சதும் அஞ்சு போட்டுட்டேன்," என்றாள். "அப்புறம் யோசிச்சேன். இது நல்லா இருக்குறதால அஞ்சா, அவர் எழுதுனதால அஞ்சான்னு. எனக்கே தெரியல. படிக்கப் படிக்க அவர் பேசுற மாதிரியே காதுல கேக்குது, அதுல எப்படித் தெரியும்? அதான் அவருக்குன்னு நான் சேத்தது எவ்வளவு இருக்கும்னு பாத்தேன். ரெண்டு இருக்கும்னு தோணுச்சு. கழிச்சுட்டேன்."

டெஸ்டிங்காரி. கருவி தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்தால், எவ்வளவு தப்பு என்று பார்த்து அதைக் கழித்துவிட வேண்டும். ஆபீஸில் அப்படித்தான் செய்வார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. அந்த இரண்டை எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"அந்தக் குறிப்பு?"

"அதுவும் அதுக்குத்தான். மூணு போட்டா காரணம் எழுதணும்ல. தேடிப் புடிச்சு எழுதினேன். முன்னுரை ஒண்ணும் நீளமில்ல."

அவர் அந்த முன்னுரையை வெட்டியதை, ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தியதை, அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள் என்று சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"அவர் வெளிய வந்து கண்ணு முழிச்சதும் இத அப்படியே சொல்லிடு," என்றேன். "காது நல்லாத்தான் கேக்கும்."

"சொல்லத்தான் போறேன்."

நடைவழியில் ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டோம்.

"கேட்டுட்டு அவர் என்ன சொல்லுவாருன்னு நினைக்கிற?" என்றாள்.

பழக்கத்தில் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மேலே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.